மிளகு வழி 1453-இல் அடைபடவில்லை

"துருக்கியர் 1453-இல் கான்ஸ்டான்டிநோபிளைப் (இன்றைய இஸ்தான்புல்) பிடித்து மிளகு வழியை அடைத்ததால்தான் வாஸ்கோ ட காமா கடல்வழி தேடி வந்தார்" என்று சொல்வதுண்டு. ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள், இது நிற்காது. போர்ச்சுக்கீசியர் வட ஆப்பிரிக்கக் கரையில் இருக்கும் சியூட்டாவைப் பிடித்தது 1415, மேற்கு ஆப்பிரிக்கக் கரையின் போஜடோர் முனையைத் தாண்டியது 1434; இரண்டுமே 1453-க்கு முன்பு. அப்போது அவர்களுக்குக் கண் ஆப்பிரிக்கத் தங்கத்தின் மேல், அப்புறம் அடிமை வியாபாரம்.

சரி, மிளகு எந்த வழியாகப் போனது? பெரும்பகுதி மலபாரிலிருந்து செங்கடல், அங்கிருந்து ஒட்டக முதுகில் கெய்ரோ, நைல் படகில் அலெக்சாந்திரியா. அங்கே வெனிஸ் வியாபாரிகள் 1453-க்குப் பிறகும் மூட்டை மூட்டையாக வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த எகிப்து அப்போது துருக்கியரிடம் இல்லை, மம்லூக் சுல்தான்கள் கையில் இருந்தது. துருக்கியர் அதைப் பிடித்தது 1517-இல், அதாவது காமா கோழிக்கோட்டுக்கு வந்து 19 வருடம் கழித்து. லிஸ்பனுக்கு, அதாவது போர்ச்சுக்கீசிய அரசுக்கு, வேண்டியிருந்தது, வெனிஸையும் கெய்ரோவையும் தாண்டி நேரடியாக வாங்கி அந்த லாபத்தைத் தானே எடுப்பது.