மானுக்கு ஊசி கேட்டவரைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

அந்த வீடியோவை நானும் பார்த்தேன். மூன்று நாட்களாகப் பண்ருட்டிப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் அதுதான் சுற்றுகிறது. விவசாயிகள் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து நிற்கிறார். "மாட்டுக்குக் கோமாரி ஊசி போடுகிறீர்கள், சரி. ராத்திரி தோப்புக்குள் வந்து போகிற பன்றிக்கும் மானுக்கும் யார் போடுவது?" என்று கேட்கிறார். மேடையில் ஒருவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கிறார். பின்வரிசையிலிருந்து "மான் ஆதார் கார்டு எடுத்துக்கொண்டு வரட்டும்" என்று ஒரு குரல். கூட்டமே சிரிக்கிறது. பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். அதற்கு வடிவேலு பாணியில் பின்னணி இசை வேறு சேர்த்திருக்கிறார்கள்.

அவர் கேட்டது முட்டாள்தனமான கேள்வி இல்லை. கோமாரி மாட்டுக்கு மட்டுமல்ல, பன்றி, மான் என்று பிளந்த குளம்புள்ள விலங்குகளுக்கெல்லாம் தொற்றுகிற நோய். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீளமான பதிவு பிடிக்காதவர்கள் இந்த வரியோடு போய்விடலாம்.

எங்கள் குடும்பக் குழுவில் இதை முதலில் போட்டது என் நாத்தனார் மகன். கண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மை ஆறு. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். தம்பி, ஆதார் நகைச்சுவை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மாட்டுக்கு நிஜமாகவே அப்படி ஒன்று இருக்கிறது, உனக்குத் தெரியுமா? காதில் மஞ்சள் தோடு, அதில் பன்னிரண்டு இலக்க எண். 2019-ல் தொடங்கிய தேசியக் கோமாரி ஊசித் திட்டத்தில் மாடு, எருமை, ஆடு மட்டுமின்றி வளர்ப்புப் பன்றியும் உண்டு. வளர்ப்புப் பன்றிக்கு உண்டென்றால் காட்டுப்பன்றிக்கு யார் என்று கேட்பது கணக்கில் அடுத்த படி. அதைக் கேட்கப் பட்டம் வேண்டியதில்லை. தோப்பில் குளம்புத் தடத்தைப் பார்த்திருந்தால் போதும்.

உலகத்தில் இதைச் செய்தே பார்த்துவிட்டார்கள். 1978-ல் சுவிட்சர்லாந்தில் கோழித்தலைக்குள் வெறிநோய்த் தடுப்பு மருந்தை வைத்து நரி நடமாடும் இடங்களில் போட்டார்கள். நரி கடித்ததும் மருந்து வாயில் பட வேண்டும், அவ்வளவுதான் யோசனை. நரி கடித்து மாடுகளும் வெறிநோயில் செத்துக்கொண்டிருந்த காலம் அது. பிறகு மீன்மாவில் இரை செய்து விமானத்திலிருந்தே வீசினார்கள். 2001-ல் பிரான்ஸ், 2008-ல் ஜெர்மனி என்று நரி வெறிநோய் ஒழிந்தது. கோழித்தலையில் மருந்து வைக்கலாம் என்று முதலில் வாய் திறந்தவரைப் பார்த்தும் யாராவது சிரித்திருப்பார்கள். வீடியோ எடுத்துப் பாட்டுப் போட அன்றைக்கு ஆள் இல்லை.

இங்கிலாந்தில் பேட்ஜர் என்று ஒரு விலங்கு, வளை தோண்டி வாழ்வது. அதற்கும் மாட்டுக்கும் காசநோய் மாறிமாறித் தொற்றுகிறது. 2013 முதல் இரண்டு லட்சத்துக்கும் மேல் சுட்டுக் கொன்றார்கள். அதே நாட்டில் வேறு சிலர் கூண்டுக்குள் மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையைப் போட்டு அதைப் பிடித்து, ஊசி போட்டுத் திரும்ப விடுகிறார்கள். என்ன ஊசி? நம் தோளில் தழும்பாக இருக்கிற அதே பி.சி.ஜி.! மல்லாட்டை விளைகிற ஊர்க்காரர்கள் நாம், நமக்கு இது வேடிக்கையாக இருக்கிறது.

இனி, "நீ என்ன டாக்டரா?" என்று ஒருவர் வருவார். போன முறை எருக்குழியைப் பற்றி எழுதியபோதும் வந்தார். டாக்டர் இல்லை ஐயா. பத்தாம் வகுப்பு. மூன்று மாடு. காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறேன். தானே புயலில் எங்கள் முந்திரி மரங்கள் ஒரே ராத்திரியில் வேரோடு சாய்ந்தன. 2011 டிசம்பர் 30, தேதி மறக்காது. மறுபடி நட்ட கன்று காய்க்கும்வரை வீட்டில் உலை வைத்தது மாடுதான். அதனால் மாட்டைப் பற்றிப் பேச எனக்கு யாரும் சான்றிதழ் தர வேண்டாம்.

கோமாரி என்றால் என்னவென்று சிரித்தவர்களுக்குத் தெரியுமா? 2013-ல் தமிழ்நாடு முழுக்க வந்ததே, அப்போது எங்கள் வீட்டுக்கும் வந்தது. ஒன்பது லிட்டர் கறந்த மாடு இரண்டு லிட்டருக்கு வந்தது. வாயில் எச்சில் நூலாக ஒழுகும், தீவனத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். தேங்காய்த் துருவலோடு சீரகம், வெந்தயம், மஞ்சள், பூண்டு, வெல்லம் அரைத்து நாக்கில் தடவினேன். குளம்பில் புழு வைத்துவிடாமல் வேப்பெண்ணெய் விட்டேன். மாடு பிழைத்தது. கன்றுக்கு வாயில் ஒரு கொப்புளம்கூட இல்லை. தப்பித்தது என்று நினைத்தேன். மடியில் முட்டிக் குடித்துக்கொண்டிருந்ததுதான், அப்படியே முன்காலை மடித்து விழுந்தது. இளங்கன்றுக்கு இந்த நோய் இதயத்தைத் தாக்கும் என்று பிறகு சொன்னார்கள். பிழைத்த மாடு அதற்கப்புறம் ஒவ்வொரு கோடையிலும் நாய்போல மூச்சு வாங்கியது.

அன்றைக்கு ஓர் இடத்தில் நானும் ஒரு கேள்வி கேட்டேன். எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை. "சீம்பால் கொடுத்த கன்றுக்கு எப்படி வந்தது?" என்று கேட்டேன். நாற்காலியில் இருந்தவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். பதில் வரவில்லை. பெரியவர் துண்டைத் தோளில் போட்டபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

"மக்களுக்கே மருந்து இல்லை, மானுக்கா?" என்பார்கள். இதற்குப் பதில் சொல்ல விருப்பமில்லை. அந்தத் தேசிய ஊசித் திட்டத்துக்கு ஐந்தாண்டுகளுக்கு 13,343 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அதில் ஒரு கேள்வி கேட்கக்கூடவா பணம் கட்ட வேண்டும்?

"கோமாரி ஊசியை மானுக்குப் போடவே முடியாது" என்கிறவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அது வாய்வழி மருந்து இல்லை, ஊசியாகத்தான் போட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி வேண்டும். மானை வருடத்துக்கு இரண்டு தடவை துரத்திப் பிடித்தால் நோய்க்கு முன்னால் பயத்திலேயே செத்துவிடும். தென்னாப்பிரிக்காவில் க்ரூகர் காட்டு எருமைகளிடம் கோமாரிக் கிருமி நிரந்தரமாகக் குடியிருக்கிறது. அங்கேயும் எருமையைத் துரத்தாமல் வேலி போட்டு, சுற்றியுள்ள மாடுகளுக்குத்தான் ஊசி போடுகிறார்கள். சரி. மேடையில் இருந்தவர் இந்த நாலு வரியைச் சொல்லியிருக்கலாமே! எனக்கே தெரிகிறது, அவருக்குத் தெரியாதா? நாலு வரி சொல்ல ஒரு நிமிடம் ஆகும், சிரிக்கவும் ஒரு நிமிடம்தான் ஆனது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பெரியவருக்கு இது பிடிக்காது. மாடுகளைக் கொத்துக்கொத்தாகக் கொன்ற வெக்கை நோய் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1960களின் கடைசியில் முதுமலை, பண்டிப்பூர் பக்கம் காட்டுமாடுகளைக் கூட்டமாக அழித்தது. ஆப்பிரிக்காவில் செரங்கெட்டி சமவெளியில் வில்டபீஸ்ட் என்கிற பெரிய மான்களின் கன்றுகளை ஆண்டுதோறும் தின்றது. அங்கே மானுக்கு யாரும் ஊசி போடவில்லை. சுற்றியிருந்த வளர்ப்பு மாடுகளுக்குப் போட்டார்கள். இரண்டரை லட்சமாக இருந்த மான் கூட்டம் பத்து லட்சத்தைத் தாண்டியது. அதாவது நோய் நம் தொழுவத்திலிருந்துதான் காட்டுக்குப் போயிருக்கிறது. வெக்கை நோய் உலகத்திலேயே ஒழிந்தது என்று அறிவித்ததும் 2011-ல்தான். எங்கள் தோப்பு சாய்ந்த அதே வருடம்.

உடனே "பார்த்தாயா, நீயே ஒத்துக்கொண்டாய்" என்று யாரும் குதிக்க வேண்டாம். நான் ஒத்துக்கொள்ள வேண்டியது வேறு. 2013-ல் நோய் வருவதற்கு முன்பே எங்கள் ஊரில் ஊசி முகாம் நடந்தது. ஊசி போட்டால் பால் வற்றிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மாட்டை ஓட்டிக்கொண்டு போய் முந்திரித் தோப்பில் கட்டிவிட்டு, "உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறது" என்று சொன்னேன். அவர்களும் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். ராத்திரி பன்றி வந்து போகிற அதே தோப்பு. எது எதற்குக் கொடுத்ததோ!

இதை இதுவரை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. இந்த வீடியோ என்னை எழுத வைத்துவிட்டது.

நேற்று பெரியவரின் வீட்டு எண்ணை வாங்கிப் போன் செய்தேன். கோழித்தலைக் கதையைச் சொல்லலாம், கேட்டுவிட்டு அவரும் கொஞ்சம் சிரிக்கட்டும் என்று நினைத்தேன். எடுத்தது மருமகள். "மாமா தோப்புக்குப் போயிருக்கிறார். கூட்டத்து விஷயமாக இருந்தால் பேச மாட்டார் அக்கா" என்றாள். அடுத்த மாதக் கூட்டத்துக்கென்று எழுதி வைத்திருந்த மனுவையும் அவர் அடுப்பில் போட்டுவிட்டாராம்.