முகத்துவாரத்து மணலை வடக்கே கொண்டுபோங்கள்

புதுச்சேரியில் தூண்டில் போடுகிற பழக்கம் உள்ளவர்களுக்கு அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தின் தெற்குக் கல்சுவர் தெரியாமல் இருக்காது. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் படகுகள் போய்வருவதற்காக 1980களின் பிற்பகுதியில் முகத்துவாரத்தின் இரண்டு பக்கமும் கல் கொட்டி அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். வீராம்பட்டினம் பக்கமாக மணலில் நடந்து தெற்குச் சுவருக்கு வந்துவிடலாம். போன ஞாயிறு நண்பர்கள் நாலு பேர் விடிவதற்குள் போய்ச் சேர்ந்து, வெயில் தலைக்கு மேல் ஏறும் வரை அங்கேதான் இருந்தோம்.

அருமையான நாள். கடல் ஏற்றம் முடிந்து தண்ணீர் வற்ற ஆரம்பித்திருந்தது. ஆற்றுத் தண்ணீர் கலங்கலாக வெளியே வந்து, கடலின் பச்சையோடு கலக்காமல் கொஞ்ச தூரம் தனியாகவே ஓடும். அந்த இரண்டு தண்ணீரும் உரசுகிற இடத்தில்தான் கொடுவா மீன் காத்திருக்கும், ஆற்றோடு அடித்துவரும் இறாலுக்கும் மடவைக் குஞ்சுக்கும். எங்களில் ஒருத்தன் இருட்டோடு வீச்சுவலை போட்டு மடவைக் குஞ்சு பிடித்து வாளியில் உயிரோடு வைத்திருந்தான். முதுகுத் துடுப்புக்குக் கீழே தூண்டில் முள்ளை மேலாகக் குத்தி விட்டால் குஞ்சு பாட்டுக்கு நீந்திக்கொண்டிருக்கும். கல்லில் ஈயக்குண்டு கட்டினால் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். அதனால் மெல்லிய தூண்டில் நரம்பில் பழைய நட்டு கட்டுவோம், மாட்டினால் நட்டு மட்டும் அறுந்து போகும், மீன் மிஞ்சும். கடலில் ஈயம் சேராது என்பதும் எனக்கு முக்கியம்.

ஏழு மணி வாக்கில் வீச்சுவலை போட்டவனின் ரீல் கத்திக்கொண்டு ஓடியது. கொடுவா தண்ணீருக்கு மேல் எகிறி, செவுள் இரண்டும் விரிய, தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உதறியது. "நரம்பைத் தளர விடாதடா, கல்லுக்குள்ள பூந்துடும்" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினோம். கீழ்க் கற்களில் பாசி வழுக்கும், சிப்பி காலைக் கிழிக்கும், அலை எப்போது ஏறும் என்று சொல்ல முடியாது. ஒருத்தன் பார்த்துப் பார்த்து இறங்கிக் கைவலையில் அள்ளினான். ரெண்டு கிலோவுக்குக் குறையாது. இதைவிட ரொம்பப் பெரிதாக வந்திருந்தால் விட்டிருப்போம். கொடுவா ஆணாகத்தான் முதிர்ந்து, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறுகிற மீன். ஆளுயரத்துக்குப் படம் எடுத்துக்கொள்கிற அந்தப் பெரிய கொடுவாக்கள் பெரும்பாலும் முட்டையிடும் தாய்மீன்கள். அவற்றைக் கொல்ல எங்களுக்கு மனசு வராது. அப்புறம் கிழங்கான் நிறையக் கிடைத்தது, கையகலக் கலவாக் குஞ்சு வந்தது, அதைத் திருப்பி விட்டோம். வழக்கம்போல பேத்தை இரையைக் கடித்துத் தின்றுவிட்டுப் போனது.

நண்பர்களோடு கழிக்க இதைவிட நல்ல பொழுது எனக்குத் தெரியாது. அந்தக் கல்சுவர்மேல் எனக்குப் பிரியம் உண்டு. அதனால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: அந்தச் சுவர் தன் வடக்கே இருக்கிற கரையை இத்தனை வருடமாகத் தின்றுகொண்டிருக்கிறது. அதைத் தடுக்க முடியும், நாம் கேட்காமல் இருக்கிறோம்.

சுவர் மேல் உட்கார்ந்து தெற்கே திரும்பினால் அகலமான மணல்வெளி, வரிசையாகப் படகுகள். வலை சரிபார்த்துக்கொண்டிருந்த வீராம்பட்டினத்துப் பெரியவர் ஒருவர், படகுகளுக்கும் பின்னால் தள்ளி ஓரிடத்தைக் கை காட்டி, "நாங்க சின்னப் பசங்களா இருக்கச்ச அலை அங்கதான் அடிக்கும் தம்பி" என்றார். எங்களோடு வந்தவர்களில் ஒருத்தனுக்குச் சோலை நகர். அவன் அப்பாவும் இதே மாதிரி கை காட்டுவார், ஆனால் கடலுக்குள்ளே. அங்கேதான் படகு ஏற்றி வைப்போம், அங்கேதான் கருவாடு காயப்போடுவோம் என்று அலைக்கு நடுவே காட்டுவார்.

இதில் மர்மம் எதுவும் இல்லை. நம் கிழக்குக் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில் அலை மணலை வடக்கே தள்ளும், வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். வடக்கே போவதுதான் அதிகம், வருடத்துக்குப் பல லட்சம் கனமீட்டர். ஓடுகிற ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டியதுபோல அந்த ஓட்டத்தில் கல்சுவர் நிற்கிறது. மணல் தெற்கே தேங்கி, மிச்சம் முகத்துவாரத்தில் விழுந்து வாயை அடைக்கிறது. வடக்கே போக வேண்டிய மணல் போகாததால் அலை அங்கே இருக்கிற கரையை அரித்துக்கொண்டு போகிறது. சென்னைத் துறைமுகம் இதை நூறு வருடத்துக்கு முன்பே காட்டிவிட்டது. தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் கரையை இழந்தன. அது தெரிந்தேதான் புதுச்சேரியில் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே பம்ப் வைத்துக் கடத்துவதையும் திட்டத்தில் சேர்த்தார்கள். சுவர் வந்தது. மணல் கடத்துவது ஒழுங்காக நடக்கவில்லை.

அதற்குப் பதிலாக நாம் செய்தது கல் கொட்டியது. கடற்கரைச் சாலையின் முன்னால் பாறாங்கல் போட்டோம். சாலை தப்பித்தது, அரிப்பு குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று வடக்கே நகர்ந்தது. அங்கேயும் கல் போட்டோம். கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போனது. மாசி மகத்துக்கு மயிலத்து முருகன் உட்பட எத்தனையோ ஊர்ச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வருகிற வைத்திக்குப்பத்திலேயே கல்லைத் தாண்டித்தான் கடலைத் தொட வேண்டும் என்ற நிலை வந்ததை நம் கண்ணாலேயே பார்த்தோம்.

பிள்ளைச்சாவடி, பொம்மையார்பாளையம் மக்கள் தூண்டில் முள் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்தடுப்பு, கேட்டுச் சாலையில் உட்காருகிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டுச் சுவர் வரை அலை வந்துவிட்டவர் வேறு என்ன கேட்பார்? ஆனால் ஒவ்வொரு வளைவும் தனக்குத் தெற்கே மணலைப் பிடித்துவைத்துக்கொண்டு, வடக்கே இருக்கிற அடுத்த ஊருக்கு அரிப்பை அனுப்புகிறது. ஊருக்கு ஊர் கல் கொட்டினால் கடைசி ஊர் எது?

கரை திரும்பி வரும் என்பதற்குச் சாட்சியும் நம் ஊரிலேயே இருக்கிறது. 2018-இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கு அடியில் இரும்பாலான செயற்கைத் திட்டு ஒன்றை இறக்கினார்கள். வெறும் பாறையாகக் கிடந்த இடத்தில் மணல் சேர்ந்தது. இன்றைக்குப் பிள்ளைகள் அங்கே அலையில் கால் நனைக்கிறார்கள். ஆனால் திட்டு இருக்கிற மணலைப் பிடித்து நிறுத்தும், அவ்வளவுதான். புது மணல் வர வேண்டுமென்றால் முகத்துவாரத்தைத் தாண்ட வைக்க வேண்டும்.

எப்படியும் அந்த வாயைத் தூர்வாரித்தான் ஆக வேண்டும். அடைத்துக்கொண்டால் விசைப்படகு தரைதட்டுகிறது, மீனவர்கள் போராடுகிறார்கள், பிறகு அள்ளுகிறார்கள். அப்படி அள்ளுகிற மணல் ஒவ்வொரு வருடமும், ஒரு லோடுகூட வேறெங்கும் போகாமல், வடக்குக் கரையில் போய்ச் சேர வேண்டும். கூடவே தெற்கே தேங்குவதில் ஒரு பங்கையும் பம்ப் வைத்து அனுப்ப வேண்டும். செலவாகும்தான். கல் கொட்டியதற்கும் ஆகத்தான் செய்தது.

சோலை நகரைத் தாண்டினால் தமிழ்நாடு, கொஞ்ச தூரத்தில் பிள்ளைச்சாவடியும் காலாப்பட்டும் மறுபடி புதுவை. அதனால் ஒரு அரசு மட்டும் செய்து முடிகிற வேலை இல்லை இது. அடுத்த தடவை தூர்வார ஒப்பந்தம் போடுவதற்கு முன் இரண்டு அரசு அதிகாரிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து, மணலை எங்கே, எந்த மாதத்தில், எவ்வளவு கொட்டுவது என்று எழுத்தில் முடிவு செய்யட்டும். வம்பாகீரப்பாளையத்திலிருந்து காலாப்பட்டு வரை உள்ள மீனவப் பஞ்சாயத்துக்காரர்களையும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். எந்த இடத்தில் கொட்டினால் மணல் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.