வலது கையைத் தூக்கச் சொன்னார்கள்

சனிக்கிழமை ராத்திரி நம் இணையக் குழுவில் நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு முன்கதை வேண்டாம். பார்க்காதவர்கள் புண்ணியவான்கள். "கை போச்சு, அனுதாப ஓட்டு விழுந்துச்சு, சாகுறவரை சீட்டை விடல." ஜப்பானிய வம்சாவளி அமெரிக்க செனட்டர் டேனியல் இனோயேவின் 88 வருஷ வாழ்க்கையைக் குழுவிலிருக்கும் அண்ணன் ஒருவர் இப்படி ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அனுதாப ஓட்டாம். 1954-இல் ஹவாய் சட்டமன்றத்துக்குப் போனதிலிருந்து 2012-இல் செனட்டராகவே சாகும்வரை ஒரு தேர்தலில்கூடத் தோற்காதவர். 58 வருஷம் கெடாமல் இருக்கும் அனுதாபம் எந்தக் கடையில் விற்கிறது? நானும் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

அந்தக் கை எப்படிப் போனதென்றாவது தெரியுமா? 1945 ஏப்ரல் 21, இத்தாலி. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர். வயிற்றில் ஏற்கனவே குண்டு. கையெறிகுண்டை வீச ஓங்கியபோது வலது முழங்கையில் அடி. கை தொங்குகிறது, ஊசி பிடுங்கிய குண்டு இன்னும் அந்த விரல்களுக்குள். ஓடிவந்த ஆட்களை விலகச் சொல்லிவிட்டு, இடது கையால் அதை உருவி எறிந்தார். வயது 20. சர்ஜன் ஆக ஆசைப்பட்டவர், ஒற்றைக் கையோடு சட்டம் படித்து ஹோனலுலுவில் அரசு வக்கீலாக நின்றார். அண்ணன் வரியில் இதற்கு இடமில்லை.

வக்கீல் புத்தி என்றால் என்னவென்று பார்க்கவேண்டுமா? போர்க்காலத்தில் அமெரிக்க அரசே முகாம்களில் அடைத்த ஜப்பானிய அமெரிக்கர்களுக்கு எடுத்த எடுப்பில் பணம் கேட்காதீர்கள், முதலில் ஒரு குழு போட்டு நடந்ததைப் பதிவு செய்வோம் என்றார். 1980-இல் குழு. 1988-இல் சட்டம், மன்னிப்பு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர். அனுதாபம் செய்யுமா இதை?

"மாநிலத்துக்கு நிதியை அள்ளினாரே" என்பீர்கள். அள்ளினார். அதற்குத்தானே அனுப்பினார்கள். "1992-இல் பாலியல் புகார் வந்ததே?" வந்தது, அவர் மறுத்தார். அதைப் பேசுங்கள், வாயை மூடிக்கொண்டு கேட்கிறேன். ஆனால் சனிக்கிழமை யாரும் அதைப் பேசவில்லையே. கையைப் பேசினீர்கள். அப்புறம், "ஆயிரம் இருந்தாலும் ஜப்பான்காரன்தானே" என்று ஒருவர் எழுத, அண்ணன் அதற்கு ஒரு இதயம் போட்டார்.

போர் முடிந்து யூனிஃபார்மோடு, கைக்குப் பதில் கொக்கியோடு ஊர் திரும்பும் வழியில் முடிவெட்டப் போனவரை, ஜப்பானியனுக்கு வெட்டமாட்டோம் என்று திருப்பி அனுப்பினார்கள். 1959-இல் காங்கிரஸ் பதவியேற்பில் சபாநாயகர் "வலது கையைத் தூக்கு" என்றார். இடது கை எழுந்தது. அன்றோடு வெறுப்பு தரையில் விழுந்துவிட்டதாக உருகுவார்கள். 14 வருஷம் கழித்து, அதிபர் நிக்சன் ஆட்சியின் வாட்டர்கேட் ஊழலை செனட் விசாரித்தபோது, நிக்சனின் உதவியாளர்களுக்காக வந்த வக்கீல் குனிந்து அதை எடுத்துக்கொண்டார். விசாரணைக் குழுவில் இருந்த இனோயேவை அவர் சொன்னது: "அந்தக் குட்டி ஜாப்" (ஜப்பானியரை இழிவுபடுத்தும் வசைச்சொல்). (இனோயேவும் மைக் இருப்பதை மறந்து "என்ன ஒரு பொய்யன்" என்று முணுமுணுத்தவர்தான். அது வேறு.)

இன்னும் எத்தனை கை கொடுக்கவேண்டும்? அதுவும் ஏன் கொடுக்கவேண்டும்? கை கொடுக்காதவன் குடிமகன் இல்லையா?

நான் குடியுரிமை வாங்கிய அன்றும் வலது கையைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன். ஆளுக்கொரு சின்னக் கொடி கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து காரைவிட்டு இறங்கும்போது எதிர்வீட்டுக்காரர், நல்ல மனுஷன், சிரித்துக்கொண்டே கேட்டார்: "உன் நாட்டுக்கு எப்போது திரும்பிப் போகிறாய்?" கொடியைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டேன்.

அண்ணே, உங்களுக்கும் ஒரு கொடி கொடுத்தார்களே. போட்டோவில் பார்த்தேன்.