கல்லீரலுக்கும் மணி தெரியும்

நீரிழிவுக்கு எதிரான போரை 2016இல் சுகாதார அமைச்சு அறிவித்த நாள் முதல், என்ன சாப்பிடுகிறோம், எவ்வளவு சாப்பிடுகிறோம் என்று சிங்கப்பூரில் நிறையவே பேசிவிட்டோம். பானப் பாட்டில்களில் ஏ முதல் டி வரை தரம் போட்டிருக்கிறார்கள். காப்பிக் கடையில் கோசோங், அதாவது சர்க்கரை போடாதது, கேட்டு வாங்கப் பலரும் பழகிவிட்டார்கள். எப்போது சாப்பிடுகிறோம் என்ற கேள்வி மட்டும் இன்னும் ஓரமாகவே நிற்கிறது. இரவுப் பணி செய்கிறவர்களுக்கு முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான் என்பது என் உறுதியான கருத்து.

நம் மூளையில் சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு பகுதி உடலின் தலைமைக் கடிகாரமாக இயங்குகிறது. கண்ணில் விழும் வெளிச்சம்தான் அதற்கு நேரம் சொல்கிறது. கல்லீரலுக்குத் தனியாக ஒரு கடிகாரம் உண்டு. அதைத் திருப்பி வைப்பது பெரும்பாலும் சாப்பாட்டு நேரம். ஜெனீவாவில் ஆய்வாளர் உவேலி ஷிப்லரின் குழு இதை 2000இல் காட்டியது. எலிகள் இரவில் இரை தேடுபவை. அவற்றுக்குப் பகலில் மட்டும் உணவு கொடுத்தபோது, சில நாள்களில் கல்லீரலின் கடிகாரம் தலைகீழாகத் திரும்பிவிட்டது. மூளையின் கடிகாரம் அசையவில்லை. ஒரே உடலுக்குள் இரண்டு நேரம்!

இது வெறும் ஆய்வுக்கூட விநோதம் அன்று. சாப்பிடும் வேளையில் சர்க்கரையைக் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைப்பதும், உறங்கும் வேளையில் அதை அளவாக வெளியே விடுவதும், இருப்பு குறையக் குறையக் கொழுப்பை எரிப்பதும், புதிதாகக் குளுக்கோஸ் தயாரிப்பதும் கல்லீரலின் வேலைகள். அந்தந்த வேலைக்குரிய நொதிகளை வேளை வருமுன்பே தயார்ப்படுத்துவது அந்தக் கடிகாரம். எலியின் கல்லீரலில் மட்டும் கடிகார மரபணு ஒன்றை நீக்கியபோது, உணவில்லாத வேளையில் அதன் ரத்தச் சர்க்கரை இறங்கிவிட்டது.

மனிதர்களிடம் பாருங்கள். 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஆரோக்கியமான 19 பேரை இரவுப் பணிபோலவே விழித்திருக்கச் செய்தார்கள். இரவிலும் சாப்பிட்டவர்களின் சராசரி ரத்தச் சர்க்கரை 6.4 விழுக்காடு உயர்ந்தது. அதே விழிப்பு, ஆனால் பகலில் மட்டும் சாப்பாடு என்று இருந்தவர்களுக்குக் குறிப்பிடத்தக்க உயர்வே இல்லை. சிறிய ஆய்வுதான், சில நாள்களே நடந்ததுதான். ஆனாலும் அது காட்டும் திசை எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஏனென்றால் இந்த ஊர் இரவில் தூங்குவதில்லை. சாங்கி விமான நிலையம், துவாஸ் துறைமுகம், மருத்துவமனை வார்டுகள், அடுக்குமாடி வீடுகளின் பாதுகாவல் சாவடிகள் என எங்கும் நம்மவர்கள் விழித்திருக்கிறார்கள். பாதுகாவல் பணியில் இருக்கும் என் சித்தப்பா அதிகாலை 2 மணிக்குத்தான் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கிறார். ஓய்வு கிடைப்பதே அப்போதுதான். அவரிடம் போய் நாக்கைக் கட்டுங்கள் என்று அறிவுரை சொல்வது அநியாயம். நேரத்தைத் தீர்மானிப்பது அவரல்லர், பணி அட்டவணை.

ஆகவே முதலாளிகளிடம்தான் கேட்க வேண்டும். இரவுப் பணிக்காரர்கள் பணி தொடங்குமுன் வயிறாரச் சாப்பிட அரை மணி நேரம் கொடுங்கள். நள்ளிரவுக்குப் பிறகு முழுச் சாப்பாட்டுக்குப் பதில் இலேசாக ஏதாவது கிடைக்கச் செய்யுங்கள். பகல் ஒரு வாரம், இரவு ஒரு வாரம் என்று ஆளைப் பந்தாடாதீர்கள். கடிகாரம் ஒரு பக்கம் திரும்பி முடிப்பதற்குள் மறுபக்கம் இழுக்கிறீர்கள்.

இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாகவே இரவு உணவை நிறுத்திவிடக் கூடாது. சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது, எந்தெந்த நேரத்தில் சாப்பிடுகிறீர்கள் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.