இந்தப் படத்துல நான் எங்கண்ணே?

18 வருடமாகக் கல்யாணப் படம் பிடிக்கிறேன். கோலாலம்பூரில் செந்தூல் வட்டாரத்தில் நான் ஏறி இறங்காத மண்டபம் இல்லை. தாலி கட்டும் நொடியை ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை என்ற கர்வமும் கொஞ்சம் உண்டு. அதை ஒரே கேள்வியில் இறக்கிவைத்தவள் எங்கள் பிளாட்டில் மூன்று மாடி கீழே இருக்கும் தங்கச்சி ஒருத்தி. பேர் வேண்டாம். எழுதிக்கொள்ளுங்கள் என்று அவள் சம்மதித்ததே பெரிய விஷயம்.

அவள் வீட்டுக்காரர் மலேசிய இராணுவத்தில் இருக்கிறார். நம் தமிழ் ஆட்கள் அங்கே குறைவு, அதனால் பிளாட்டில் அவருக்குப் பேரே ஆர்மிக்காரர்தான். 2007 முதல் நம் நாட்டுப் படை லெபனானில் ஐ.நா. அமைதிப்படையோடு இருக்கிறது. அங்கே ஒரு வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வருகிறார். "அண்ணே, சுபாங்குக்கு வந்து நாலு படம் புடிச்சுக் குடுங்கண்ணே" என்றாள். காசெல்லாம் வேண்டாம்மா என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, இரண்டு கேமரா, மூன்று லென்ஸோடு கிளம்பினேன்.

சுபாங் விமானப்படைத் தளத்தில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. குழந்தைகள் கையில் சின்னக் கொடி, பலூன். ஓர் அம்மா தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார், மகன் இறங்கினதும் அங்கேயே ஊட்டிவிடுவார் போலிருந்தது. நீலத் தொப்பிகள் வரிசையாக வர, நான் வேலையை ஆரம்பித்தேன். அவர் சிரித்தது, பையைக் கீழே போட்டது, அம்மாவைக் கட்டிக்கொண்டது எல்லாம் நன்றாக விழுந்தன. குழந்தைதான் மசியவில்லை. அப்பா போகும்போது ஒன்றரை வயது, இப்போது இரண்டரை. அவளுக்குத் தெரிந்த அப்பா கைப்பேசிக்குள் உள்ளங்கை அளவு இருப்பார். இவர் ஆறடி. ஓடிப்போய்ப் பாட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

நான் என்ன செய்தேன்? மண்டபத்துப் பழக்கம் விடுமா. "தம்பி, இன்னொரு தடவை அங்கேருந்து நடந்து வாங்க, பாப்பாவ இந்தப் பக்கம் திருப்பி நிறுத்துறேன்" என்றேன். பாவம், அவரும் போய்த் திரும்ப நடந்து வந்தார். குழந்தை வீறிட்டுக் கத்தியது. தங்கச்சிதான் அவளைத் தூக்கிக்கொண்டு போய், ஒரு பதாகையின் நிழலில் நின்று, துப்பட்டா நுனியில் மூக்கைத் துடைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அந்த நேரத்தில் நான் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ராத்திரி மடிக்கணினியோடு கீழே போனேன். மொத்தம் 312 படம். மாமியார் அழுதார், அவர் சிரித்தார். அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போய், கடைசிப் படம் முடிந்ததும் கேட்டாள்: "நல்லா இருக்குண்ணே. ஆனா நான் எங்கண்ணே?"

தேடினோம். அவள் முதுகு இருந்தது. ஒரு காதுத் தோடு, கைப்பையின் வார், குழந்தையை நீட்டும் இரண்டு கைகள் இருந்தன. முகம் தெளிவாக விழுந்தவை நான்கே நான்கு. அதிலும் இரண்டில் கண் மூடியிருந்தது.

கேட்டதில் கோபம் இல்லை. அதுதான் என்னை வதைத்தது. அந்த ஒரு வருடத்தில் குழந்தைக்கு டிங்கிக் காய்ச்சல் வந்து மருத்துவமனையில் படுத்தது, மாமியாருக்குக் கண் அறுவை, லிஃப்ட் பழுதான வாரம் முழுக்கக் குழந்தையையும் சாமானையும் சுமந்து படியேறியது, எல்லாம் அவள் ஒருத்திதான். 2024 நவம்பரில், லெபனானுக்குப் புதிதாக வந்திறங்கிய அமைதிப்படையினரின் வாகன அணி சிடோன் நகரைக் கடக்கும்போது பக்கத்தில் டிரோன் தாக்குதல் நடந்து, மலேசிய வீரர்கள் சிலருக்குக் காயம் என்று செய்தி வந்தது ஞாபகம் இருக்கலாம். அவர் அந்த அணியில் இல்லை. ஆனால் அது தெரிய அவளுக்கு விடியும்வரை ஆனது. நானோ அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத் தூங்கிப்போனவன்.

அப்புறம்தான் வீரர்கள் வீடு திரும்பும் இந்த மாதிரிப் படங்களைத் தேடித்தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். உலகத்திலேயே பேர்பெற்றது 1973 மார்ச் 17 அன்று கலிபோர்னியாவின் டிராவிஸ் விமானப்படைத் தளத்தில் ஸ்லாவா வேடர் எடுத்தது. வியட்நாமில் ஐந்து வருடத்துக்கும் மேலாகப் போர்க்கைதியாக இருந்த ராபர்ட் ஸ்டிர்ம் என்ற அதிகாரி திரும்பி வருகிறார். 15 வயது மகள் கால் தரையில் படாமல், கையை விரித்துக்கொண்டு பாய்ந்து வருகிறாள். பின்னாலேயே மற்ற பிள்ளைகளும் மனைவியும். 1974-இல் புலிட்சர் பரிசு வாங்கிய படம். தொழில்காரன் கண்ணோடு பாருங்கள்: அதில் வீரரின் முகமே கிடையாது, முதுகுதான். முகமெல்லாம் காத்திருந்தவர்களுடையது. நான் சுபாங்கில் எடுத்தது அப்படியே தலைகீழ்.

ஆனால் அந்தப் படத்துக்குள் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. அந்த நாளுக்கு மூன்று நாள் முன்னால்தான், இனி நாம் சேர்ந்து வாழ முடியாது என்று மனைவி எழுதிய கடிதம் அவர் கைக்குக் கிடைத்திருந்தது. அடுத்த வருடமே விவாகரத்து. நான்கு பிள்ளைகள் வீட்டுச் சுவரிலும் அந்தப் படம் தொங்கியது, அவர் மட்டும் மாட்டிக்கொள்ளவில்லை. படம் பொய் என்று சொல்ல மாட்டேன், அந்த மகளின் சந்தோஷத்தில் கலப்படம் இல்லை. ஆனால் ஒரு நொடியை வைத்துக்கொண்டு குடும்பம் சேர்ந்துவிட்டது என்று நாம்தான் கதையை முடித்துவிடுகிறோம்.

இந்த விஷயத்தில் நம் பழைய ஆட்கள் நம்மைவிடக் கூர்மை. சங்கப் பாட்டில் முல்லைத் திணைக்கு உரிப்பொருள், அதாவது பாட்டின் மையப் பொருள், என்ன? இருத்தல். போருக்குப் போனவன் கார்காலம் தொடங்குமுன் வருவேன் என்று சொல்லிப் போயிருக்கிறான், மழை வந்துவிட்டது, அவன் வரவில்லை, வீட்டில் மனைவி மனதை ஆற்றிக்கொண்டு காத்திருக்கிறாள். சண்டைக்கும் வெற்றிக்கும் புறப்பாடல்களில் இடம் கொடுத்த கையோடு, காத்திருப்புக்கென்று ஒரு நிலத்தையே ஒதுக்கிவைத்தார்கள். நம் ஊரில் வீரர் சிலைகள் நிற்கும் தேசிய நினைவுச்சின்னத்தைப் பாருங்கள். அதுவும் ஒரு வகையில் ஒரு படத்திலிருந்து வந்ததுதான். ஜப்பானின் இவோ ஜிமா தீவில் 1945-இல் அமெரிக்க வீரர்கள் கொடி நட்ட படத்தைப் பார்த்துச் சிலை வடித்த அதே பெலிக்ஸ் டி வெல்டன்தான் இதையும் செய்தார், 1966-இல் திறந்தார்கள். 15 மீட்டருக்கு மேல் உயரம். குறை சொல்லவில்லை, அதன் வேலை அது. ஆனால் ஒவ்வொரு ஜூலை 31-ஆம் தேதி வீரர்கள் தினத்திலும் அந்த வெண்கலத்தைப் பார்க்கும்போது, இவர்கள் வீட்டில் யார் இருந்தார்கள் என்று இப்போதெல்லாம் தோன்றுகிறது.

எங்கள் குடும்பத்திலேயே ஒரு திரும்பிவரவு உண்டு. அம்மாவின் தாத்தாவை ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்திலிருந்து சயாமில் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அவர் சிப்பாய் அல்ல, சீருடை கிடையாது, போனதற்கும் வந்ததற்கும் ஒரு படமும் கிடையாது. பாட்டி சொன்ன ஒரு வரிதான் மிச்சம்: "லயத்துக்குப் பின்னால யாரோ பிச்சக்காரன் நிக்கிறான்னு நெனச்சோம்." அந்த வரியில்கூடப் பாருங்கள், கேமரா காத்திருந்தவர்கள் பக்கம்தான் நிற்கிறது.

சரி, தங்கச்சி கதைக்கு வருகிறேன். மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே கேமரா, ஒரே லென்ஸோடு அவர்கள் வீட்டுக்குப் போய் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டேன். யாரையும் எங்கேயும் நிற்கச் சொல்லவில்லை. ஆர்மிக்காரர் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். ஒன்றும் வட்டமாக வரவில்லை. அவள் தட்டோடு உட்கார்ந்து, "இது லெபனான் மேப்பா, இல்ல பகாங்கா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். சூடான தோசை, உட்கார்ந்த இடத்தில், கையில் பிள்ளை இல்லாமல். குழந்தை கீழே உட்கார்ந்து அப்பாவின் பூட்ஸுக்குள் வெங்காயம் போட்டுக்கொண்டிருந்தது. அந்தப் படத்தைத்தான் அவள் பெரிதாக அச்சடித்துக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். சுபாங் படங்கள் 312-ம் ஒரு பென் டிரைவில் இருக்கின்றன.

அமெரிக்காவில் ஆபரேஷன் லவ் ரீயுனைடெட் என்ற படக்கலைஞர்கள் அமைப்பு இருக்கிறது. வீரர் புறப்படுமுன், அவர் அங்கே இருக்கும்போது, திரும்பி வந்ததும் என்று குடும்பத்தைப் படம் பிடிப்பார்கள், படப்பிடிப்புக்குக் கட்டணம் வாங்குவதில்லை. நடுவில் இருக்கிறதே, அவர் அங்கே இருக்கும்போது எடுப்பது, அதுதான் எனக்குப் பிடித்தது. வீட்டில் இருப்பவர்களை எடுத்து அவருக்கு அனுப்பிவைப்பார்கள். நம் ஊரில் படம் பிடிக்கிறவர்கள் எத்தனை பேர் இருக்கிறோம்! ஒரு கல்யாணத்துக்கு டிரோனே மூன்று பறக்கவிடுகிறோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், திட்டுகிறவர்கள் திட்டலாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குத் தெரியாமல் அப்பாவைச் சீருடையோடு கொண்டுவந்து நிறுத்தி, அது அதிர்ந்து அழுவதைப் பதிவு செய்து வைரலாக்கும் வீடியோக்கள் எனக்கு அறவே பிடிக்கவில்லை. அந்த அழுகை அந்தப் பிள்ளையின் சொந்தச் சொத்து. சுபாங்கில் நான் செய்ததும் அதில் கால்வாசிதான் குறைவு என்பது எனக்குத் தெரியும்.

லெபனான் பணியை 2026 டிசம்பர் 31-உடன் முடித்துக்கொள்வதென்று ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 2025 ஆகஸ்டில் முடிவெடுத்தது. அங்கே இருப்பவர்கள் எல்லோரும் வீடு வந்துசேர வேண்டியவர்கள். அதனால் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், பத்துகேவ்ஸ் பக்கம் இராணுவத்திலோ கடற்படையிலோ ஆள் இருக்கும் வீடு இருந்தால் சொல்லுங்கள். விமான தளத்துக்கு மட்டும் கூப்பிடாதீர்கள். அவர் இல்லாதபோது ஒரு நாள், வந்து ஒரு மாதம் கழித்து ஒரு நாள் வருகிறேன். திரும்பும் தேதி, விமானம் எதையும் இங்கே பொதுவில் எழுத வேண்டாம், உள்பெட்டியில் சொல்லுங்கள். ஒரு வெள்ளியும் வேண்டாம், ஒரு கிளாஸ் தே ஓ, பால் இல்லாத தேநீர், போதும். தோசை வேண்டுமா என்பது, யார் சுடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.