பெருநாடி ஆபரேஷனுக்கு மறுநாளே வயிறு போனால் நல்லதா?

"வயிற்றுப் பெருநாடி ஆபரேஷனுக்கு மறுநாளே பேதியானால் நல்ல அறிகுறி, குடல் வேலை செய்யுது" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு, ஆபத்தான தவறும்கூட.

பெருநாடி என்பது இதயத்திலிருந்து வயிறு வழியே இறங்கும் பெரிய ரத்தக்குழாய். அது வீங்கும்போது வயிற்றைத் திறந்து செய்யும் இந்த ஆபரேஷனுக்குப் பின் குடல் சில நாள் அசையாமல் கிடப்பதுதான் இயல்பு. பெருங்குடல் விழித்துக்கொள்ள 3 முதல் 5 நாள்கூட ஆகும். (விளக்கெண்ணெயோடு வரும் சொந்தக்காரர்களை வாசலிலேயே நிறுத்துங்கள்.)

முதல் 2, 3 நாளில் பேதி, அதிலும் ரத்தம் கலந்து போனால் விஷயம் வேறு. பெருநாடி வீங்கிய இடத்தில் செயற்கைக் குழாய் வைத்துத் தைக்கும்போது, இடப்பக்கப் பெருங்குடலுக்கு ரத்தம் தரும் தமனியைப் பல சமயம் கட்டிவிடுவார்கள். மற்றத் தமனிகள் ஈடுகொடுத்தால் சரி. இல்லையென்றால் குடல்சுவர் ரத்தமின்றி அழுகிவிடலாம். ஆசனவாய் வழியே கேமரா குழாய் விட்டுத்தான் பெரும்பாலும் உறுதிசெய்வார்கள். அதனால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்.