நீ கேட்டதெல்லாம் எழுதி வெச்சிருக்குது

(காசிமேடு. ஆடி மாசம், காலைல ஏழு மணி. தையல் மிஷினும் ஓடுது, ஸ்பீக்கர்ல அம்மன் பாட்டும் ஓடுது.)

பையன்: ம்மா, என் லாகின்ல ஏம்மா பாட்டு போட்ற? நீ கேட்டதெல்லாம் என் பேர்ல ஏறிக்கினு இருக்குது.

அம்மா: நான் இன்னாடா கேட்டேன்? இந்த வூட்ல நான் வாயத் தொறந்து ஒண்ணும் கேக்கறதே இல்லியே.

பையன்: பாட்டு கேட்டத சொல்றேன்மா. ஜெல்லிஃபின்ல ஒரு பிளகின் போட்டுக்கிறேன், எந்தப் பாட்டு ஓடுனாலும் அது போயி லிசன்பிரெயின்ஸ்னு ஒரு சைட்ல எழுதிடும், எத்தினி மணிக்கு கேட்ட, எத்தினி வாட்டி கேட்ட, எல்லாம்.

அம்மா: ஜெல்லிஃபின்னா இன்னாது, வலையில மாட்டுமே சொறி, அதுவா?

பையன்: இது பாட்டெல்லாம் வெச்சு ஓட்டற சர்வர்மா, நம்ம பழைய லேப்டாப்ல ஓடுதே. எம்பின்னு (Emby) இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு, அவங்க புரோகிராம் கோட (code) யாருக்கும் காட்டாம மூடிட்டாங்கன்னு 2018-ல கொஞ்ச பேரு பிரிஞ்சு வந்து இத எல்லாரும் பாக்கற மாதிரி ஓப்பன் சோர்ஸா ஆரம்பிச்சாங்க.

அம்மா: அங்கியும் பாகப்பிரிவினையா. சரி, கேட்டதெல்லாம் எழுதுமா?

பையன்: ஒண்ணு விடாம.

அம்மா: அப்ப போன தீவாளிக்கு மொத தீவாளில இந்த மிஷினுக்கு ஒரு மோட்டர் கேட்டேன் பாரு, அது எந்த பக்கத்துல கீதுன்னு பாரு.

பையன்: அந்த கேட்டது இல்லம்மா, இந்த கேட்டது!

அம்மா: எந்த கேட்டதா இருந்தா இன்னா, கேட்டவ நாந்தானே.

பையன்: என் பேஜ ஊரே பாக்கும்மா. மொத எடத்துல எல்.ஆர்.ஈஸ்வரி. ரெண்டாவது எடத்துல பாட்டு டவுன்லோடு பண்ண ஏதோ சைட்டோட பேரு, அவன் ஆர்டிஸ்ட் பேருன்னு தன் பேரயே எழுதி வெச்சிக்கிறான். இளையராஜா ஸ்பெல்லிங் மாறி மாறி மூணு ஆளா நிக்கிறாரு.

அம்மா: ரேஷன் கார்டுல ஒரு பேரு, பேங்க்ல ஒரு பேரு, நானும் ரெண்டு ஆளாத்தான் அலையறேன். அவருக்கின்னா, ராஜா.

பையன்: இதுக்கு ரூல் இருக்கும்மா. பாதி பாட்டு ஓடணும், இல்லாட்டி 4 நிமிஷம் ஓடணும், எது மொதல்ல வருதோ. அப்பதான் கேட்டதா கணக்கு.

அம்மா: நேத்து பாட்ட போட்டுட்டு தண்ணி லாரி வந்துச்சுன்னு கொடத்த தூக்கினு ஓடிட்டேன், மூணு ட்ரிப்பு அடிச்சிட்டு வரச்சொல்ல எட்டு பாட்டு முடிஞ்சிபோச்சு. அத யாரு கேட்டது?

பையன்: அது... ஓடிச்சில்ல, கேட்டதாத்தான் எழுதிக்கும்.

அம்மா: ஆளே இல்ல, ஆனா கேட்டதா கணக்கு. உங்கப்பன் டிவி முன்னாடி குந்திக்கினு நான் சொல்றதுக்கெல்லாம் 'ம்' கொட்டுவாரே, அந்த மாதிரி.

பையன்: ம்.

அம்மா: தோ, பையனுக்கும் பிளகின் போட்டாச்சு.

பையன்: ம்மா, கத்தாத. உனக்குன்னு தனி லாகின் போட்டுத் தரேன், உன் பாட்டு என்துல வராது, அந்த பிளகினுக்கு ஆளாளுக்குத் தனியா டோக்கன் குடுத்துக்கலாம்.

அம்மா: டோக்கன் வாங்கணுமா? எத்தினி மணிக்குப் போய் நிக்கணும்?

பையன்: அய்யோ, அது ஒரு நம்பரும்மா, சும்மா காப்பி பண்ணி ஒட்டணும். நான் பாத்துக்கிறேன்.

அம்மா: அதுல நான் எத்தினி வாட்டி எத கேட்டேன்னு சரியா காட்டுமா?

பையன்: பாட்டு மட்டும்மா! பாட்டு! மோட்டர் வராது!

அம்மா: அத்தான் நானும் ரெண்டு வருசமா சொல்றேன், மோட்டர் வரல.

(கால் மிஷின்ல அவங்க மிதிக்கற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம். ஃபால்ஸ் ஒண்ணு முடியுது.)

பையன்: சரி, பாஸ்வேர்ட் இன்னா வைக்கட்டும்?

அம்மா: மோட்டர்னு வை. தெனம் நீதான் வந்து தட்டிக் குடுக்கப் போற.

பையன்: கூட ஒரு நம்பரும் சேத்தா நல்லதும்மா.

அம்மா: ரெண்டுன்னு போடு. இந்த தீவாளிக்கும் வரலேன்னா வந்து மூணுன்னு மாத்திக் குடு.